ஃபுல் ஃப்ரேம்காரர்

அவருக்கு அருவருப்பில்லாத பொருள் என்று உலகத்தில் மொத்தம் நான்கைந்துதான் தேறும். கொதிக்கக் கொதிக்க இறக்கிய வெந்நீர், பிரிக்காத சோப்பு, சொந்தத் தலையணை, அப்புறம் அலுவலகத்துப் பெரிய கேமரா. மனைவியைச் சேர்க்கலாமா என்று கேட்டால், "கையைக் கழுவிட்டு வந்தா சேர்த்துக்கலாம்" என்பார். அதுவும் மனைவி காதுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நகரத்துப் பாதாளச் சாக்கடைகளைப் படம் பிடிக்கிற வேலை. இருபத்தாறு வருட சர்வீஸ். எந்த மூடியைத் திறந்தாலும் முதல் நாள் குமட்டிய அதே குமட்டல். மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் மூக்கு மரத்துவிடும். இவருடைய மூக்கு மட்டும் அரசாங்கச் சம்பளம் வாங்காமலே அத்தனை வருடமும் ஒழுங்காக வேலை பார்த்தது.

கழிவுநீர் இறைக்கும் நிலையத்தின் மாடியில் இரண்டு அறைகள்தான் படப்பிரிவு. கீழே மோட்டார் ஓடும்போதெல்லாம் மேஜை மேலிருக்கும் பேனா தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகும். வெளி அறையில் கம்ப்யூட்டர். உள் அறையில் ஒரு பீரோ, ஒரு கை கழுவும் தொட்டி. தொட்டி விளிம்பில் மூன்று சோப்புகள். முழங்கை வரைக்கும் ஒன்று, விரல்களுக்கு ஒன்று. மூன்றாவது, மற்ற இரண்டு சோப்புகளையும் தொட்ட கைக்கு.

வேலை என்னவோ முக்கியமான வேலைதான். தெருவில் இரும்பு மூடியைத் திறந்து, ஏணி இறக்கி, உள்ளே குழாய்ச் சுவரில் எங்கே விரிசல், எங்கே செங்கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே மரவேர் நுழைந்திருக்கிறது என்று படம் எடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்ஜினியர்கள் எந்தத் தெருவைத் தோண்டுவது என்று முடிவு செய்வார்கள். படம் தப்பாகப் போனால் நல்ல தெருவைத் தோண்டிவிட்டு, கெட்ட தெரு தானாக உள்ளே இறங்குகிற நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பதினெட்டு மாதம் முன்பு ஆபீஸ் ஒரு பெரிய கேமரா வாங்கியது. அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே இருக்கும் சென்சார் பழைய ஃபிலிம் சுருளின் ஒரு கட்டத்தளவு முழுசாக இருக்கும், அதனால்தான் ஃபுல் ஃப்ரேம் என்று பெயர் என்பதை மின்மீட்டர் கணக்கெடுக்க வந்தவரிடமும் சொன்னார். மூன்றே வாரத்தில் நிலையம் முழுக்க அவருக்கு அதுவே பெயராயிற்று. "ஃபுல் ஃப்ரேம் வந்தாச்சா?" என்று கீழே மெக்கானிக்குகள் கேட்பார்கள். கிண்டல் என்று அவருக்குப் புரிந்தது. பெருமையும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததால் துடைக்காமல் விட்டுவிட்டார். அவர் துடைக்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

படப்பிரிவில் இன்னொரு ஆள் உண்டு. ஒப்பந்தத்தில் எடுத்த பெண். முப்பத்தாறு வயது, அவரைவிட அரைத் தலை உயரம், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், லாரி ஓட்டும் கணவன். இதற்கு முன் காலுறைத் தொழிற்சாலையில் நின்றபடியே லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். சொந்தக் காசில் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவாள். அந்தக் கேமராவின் சென்சார் தபால்தலை அளவு. முழுசில் பாதிகூட வராது. அதனால் அவர் அவளுக்கு வைத்த பெயர் 'சின்னது'. "சின்னது எங்க போச்சு?" "சின்னது, அந்த டார்ச்சை எடு." அவள் நிமிர்ந்து பார்ப்பாள். குனிந்துதான் பார்க்க வேண்டும், உயரம் அப்படி. அப்புறம் டார்ச்சை எடுத்துக் கொடுப்பாள்.

அவர் ஏணியில் மூன்றாவது படிக்குக் கீழே இறங்க மாட்டார். முகமூடிக்கு மேல் முகமூடி போட்டுக்கொண்டு, எட்டிப் பார்த்து, மூச்சைப் பிடித்து ஆறு படம் எடுத்துவிட்டு மேலே வந்துவிடுவார். பெரிய சென்சார் இருக்கும்போது பக்கத்தில் போவானேன்? அவள் முழங்கால் பூட்ஸோடு அடிவரை இறங்கி, சுவருக்கு முகம் கொடுத்து நின்று எடுப்பாள். மேலே வந்து, கையை ஒரே ஒரு சோப்பால் கழுவிவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பாள். அதைப் பார்க்க முடியாமல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே வண்டல் தொட்டி. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் நான்கே நாள். அதே சமயம் படப்பிரிவில் ஒரு நிரந்தரப் பணியிடம் வந்திருந்தது. தகுதி நிபந்தனை எழுதும் பொறுப்பு இவருக்கு. போன மாதம் பெரிய இன்ஜினியரின் அறையில் உட்கார்ந்து விளக்கினார்.

"சார், சென்சார்னா ஒண்ணுமில்ல. வெளிச்சத்தை வாங்கிக்கிற தகடு. தெருவுல மழைத்தண்ணி இறங்குற கம்பி மூடி இருக்குல்ல? கையகல மூடி ஒண்ணு, பாயகல மூடி ஒண்ணு. ஒரே மழை. எது நெறைய வாங்கும்?"

"பெருசுதான்யா. அடைச்சுக்காம இருந்தா."

"அதேதான் சார். சாக்கடைக்குள்ள வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் விழும். அதைச் சின்ன தகட்டுல வாங்கினா படம் பூரா சொறி பிடிச்ச மாதிரி புள்ளி புள்ளியா வந்துடும். எனக்குப் பார்த்தாலே உடம்பு கூசும் சார்."

"உனக்கு எதைப் பார்த்தாத்தான் கூசல? சரி, எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தார். 'விண்ணப்பதாரர் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் எடுத்த பத்துப் படங்களை இணைக்க வேண்டும். மற்றவை பரிசீலிக்கப்படா.' அந்த ஒரு வரியில் அவள் கதவுக்கு வெளியே போய்விட்டாள். அவளிடம் அந்த மாதிரிக் கேமரா கிடையாது. ஆபீஸ் கேமராவை அவள் தொட அவர் விட்டதில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அவர் மனதார நம்பினார். மனதார நம்புகிறவர்கள்தான் இந்த மாதிரிக் காரியத்தை ஒரு உறுத்தலும் இல்லாமல் செய்துவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிவரை நேரம். நகரத்துக் கல்யாண ஃபோட்டோகிராபர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். ஒருவருடைய படங்களில் மணப்பெண் கண்ணிமை மயிரை எண்ணிவிடலாம். சாக்கடை மூடியைத் திறந்தால் இந்த ஆள் அதற்கும் பூ வைத்து எடுப்பான் என்று நினைத்து அவர் முகம் சுளித்தார். இருந்தாலும் ஃபுல் ஃப்ரேம். விதி விதிதான்.

பதினொரு மணிக்கு அச்சுக்கடைக்காரர் போன் செய்தார். பெரிய இன்ஜினியர் கூட்ட அறைச் சுவருக்காக, பிரதானக் குழாயின் பத்துப் படங்களை ஆளுயரத்துக்கு அச்சடிக்கச் சொல்லியிருந்தார். ஏழு இவர் எடுத்தது. மூன்று அவள் எடுத்தது. சுவரில் இடம் மிஞ்சியதால் சேர்த்தது.

"அண்ணே, மூணு படம் பிரமாதமா வருதுண்ணே. செங்கல்லுல ஓடுற மயிரிழை விரிசல்கூடத் தெரியுது. மத்த ஏழுதான் பெருசு பண்ணினா பிசிறடிக்குது."

அவர் நாற்காலியில் சாய்ந்து கொண்டார். "பின்ன? ஃபுல் ஃப்ரேம்னா சும்மாவா? மத்தது நம்ம சின்னது எடுத்தது. விட்டுடு, ஓரமா மாட்டிக்கலாம்."

"ஏழும் அந்தப் பொண்ணு எடுத்ததாண்ணே?"

"ஏழா?" சாய்ந்திருந்த நாற்காலி தானாக நிமிர்ந்தது. "நான் எடுத்ததுதான் ஏழு."

மறுமுனையில் அச்சுக்கடைக்காரர் மிஷினை நிறுத்தினார்.

"அப்ப... எப்படிச் சொல்றது... அந்த ஏழும் பத்து மெகாபிக்சல்தாண்ணே இருக்கு. மூணு இருபத்திநாலு இருக்கு. உங்க கேமரா இருபத்திநாலுன்னு நீங்கதானே என்கிட்ட மூணு தடவை சொன்னீங்க?"

"நீ பார்க்கத் தெரியாம பார்க்கிற."

"நம்பர்ல என்னண்ணே பார்க்கத் தெரியணும்? ஒண்ணு கேட்கட்டா, கோச்சுக்காதீங்க. லென்ஸ் பழைய கேமராவுதா?"

பழைய கேமராவுடையதுதான். புது கேமரா வந்தபோது லென்ஸ் பின்னால் வரும் என்றார்கள். அதுவரைக்கும் என்று பழசை மாட்டினார். புதுசு பெட்டியோடு வந்து பீரோவில் இருக்கிறது. லென்ஸைக் கழற்றினால் அந்த ஒரு நொடியில் சாக்கடைத் தூசி உள்ளே போய் சென்சாரில் உட்கார்ந்துகொள்ளும் என்று பயந்தார். அதனால் பதினெட்டு மாதமாகக் கழற்றவில்லை.

"அதாண்ணே விஷயம்," என்றார் அச்சுக்கடைக்காரர். "அது சின்ன சென்சாருக்குன்னு செஞ்ச லென்ஸ். அது உள்ள போடுற வெளிச்ச வட்டமே சின்னது. பெரிய தகட்டோட மூலைக்கு எட்டாது, மூலை நாலும் இருட்டா வந்துடும். அதனால கேமராவே ஓரத்தை வெட்டித் தள்ளிட்டு நடுவுல இருக்கிற துண்டுல மட்டும் எடுத்துக்கும். பெரிய வீடு வாங்கி வாசல் ரூம்ல மட்டும் குடியிருக்கிற மாதிரி. ஸ்கிரீன் மூலையில சின்னதா ஒரு அடையாளம் காட்டியிருக்குமே, நீங்க பார்க்கலையா?"

அவர் போனை வைத்துவிட்டு உள் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

கேமரா மேஜைமேல் இருந்தது. வாங்கிய அன்றைக்கே அதற்குப் பாலிதீன் உறை போட்டுவிட்டார். சாக்கடைக் காற்று படாமல் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, பட்டனுக்கும் பேட்டரி, கார்டு மூடிக்கும் லென்ஸ் வாய்க்கும் மட்டும் இடம் விட்டு. தினமும் ஸ்பிரிட்டில் துடைப்பது அந்த உறையைத்தான். ஸ்கிரீனின் மேல் மூலையில் மூன்று மடிப்பு டேப். லென்ஸ் கழுத்தில் நான்கு மடிப்பு.

கத்தரிக்கோலால் கிழித்தார். கிழித்த உடனே ஒரு வாடை வந்தது. இருபத்தாறு வருடத்தில் எந்த மூடிக்கடியிலும் அவர் முகர்ந்திராத வாடை. உறைக்குள் மாட்டிக்கொண்ட ஈரம், அவருடைய கைச்சூடு, அவருடைய வியர்வை, எல்லாம் சேர்ந்து ஊறியிருந்தது. கைப்பிடி ரப்பரில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. டேப்புக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளிப்பூச்சி ஓடி மேஜை இடுக்கில் புகுந்தது. வெளியிலிருந்து சாக்கடை ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. இத்தனையும் அவரே தயாரித்தது.

தொட்டிக்கு ஓடிப்போய் ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை. மூன்று சோப்பும் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து கேமராவை ஆன் செய்தார். ஸ்கிரீன் மூலையில், டேப் இருந்த இடத்தில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் இன்னொரு சின்னக் கட்டம். பதினெட்டு மாதமாக அது பாட்டுக்கு அங்கே எரிந்துகொண்டு, ஐயா, பாதிதான், பாதிதான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வந்து நின்றாள். "சார், உங்க ஃபைல் என்னோடதைவிடச் சின்னதா இருக்கே, எதாவது செட்டிங் மாறியிருக்கா?" இரண்டு மெக்கானிக்குகள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் சொன்னார்: "சின்னது எனக்கு சைஸ் சொல்லித் தருது பாருங்கய்யா! போய் முதல்ல கையைக் கழுவு." மெக்கானிக்குகள் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். அவள் போய்க் கையைக் கழுவினாள்.

சென்சார் விஷயம் போகட்டும், அது அறியாமை. இது என்ன? இதற்கு எந்த சோப்பு?

மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல? எதையாவது மிதிச்சுட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னார். இடையில் இரண்டு முறை நிறுத்திவிட்டுச் சொன்னார். மனைவி குறுக்கே பேசவில்லை. அதுவே கெட்ட சகுனம்.

"அப்ப நீங்க போட்ட விதிப்படி நீங்களே அந்த வேலைக்கு அப்ளிகேஷன் போட முடியாது," என்றாள்.

அவர் அதுவரை அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. "முடியாது," என்றார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அச்சுக்கடைக்காரனுக்கும்தான். அவன் வெளியே சொல்ல மாட்டான். புது லென்ஸை இப்பவே மாட்டிட்டேன்னா நாளைலேருந்து எல்லாம் முழுசா..."

"இப்ப எனக்கும் தெரியுமே. மூணு பேராச்சு. 'உன்கூட ஒரே தட்டுல சாப்பிட மாட்டேன்'னு நீங்க சொல்லித்தானே இத்தனை வருஷம் போச்சு. இனிமே நானே சாப்பிட மாட்டேன்னு சொல்ற மாதிரி வெச்சுக்காதீங்க." வைத்துவிட்டாள்.

மணி மூன்று வரைக்கும் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய இன்ஜினியரின் அறைக்குப் போகிற வழியில் மோட்டார் கூடம். மெக்கானிக் ஒருவர் துணியால் கையைத் துடைத்தபடி, "என்ன ஃபுல் ஃப்ரேம், மூஞ்சியில ஈயாடல?" என்றார். நடையை எட்டிப் போட்டார்.

பெரிய இன்ஜினியர் நின்றுகொண்டே ஒரு வரைபடத்தை மடக்கிக்கொண்டிருந்தார். ஒழுங்காக மடியவில்லை.

"சார், அந்த நிபந்தனையை எடுத்துடணும்."

"எதை?"

"ஃபுல் ஃப்ரேம் நிபந்தனை. நான் எழுதிக் கொடுத்தது."

"இன்னிக்குக் கடைசி நாள்யா. இப்ப என்ன திடீர்னு?"

சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். "ஒன்றரை வருஷமா நான் எடுத்தது எதுவுமே ஃபுல் ஃப்ரேம் இல்ல சார். லென்ஸ் மாறிப்போச்சு. கேமரா பாதித் தகட்டுலதான் எடுத்திருக்கு. அந்தப் பொண்ணோட படம் என்னோடதைவிடப் பெருசு, தெளிவும்கூட. அவ கீழ வரைக்கும் இறங்கறா. நான் இறங்கறதில்ல."

பெரிய இன்ஜினியர் வரைபடத்தை அப்படியே மேஜையில் போட்டார். "நில்லு. ஒன்றரை வருஷத்துல உன் படத்தைப் பார்த்து எத்தனை தெருவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா?"

"நாப்பத்தொண்ணு சார். மாடியில இருந்து வரும்போது எண்ணிக்கிட்டே வந்தேன்."

"நீ வந்து கம்பி மூடி, மழைத்தண்ணின்னு எனக்குப் பாடம் எடுத்தே!"

"எடுத்தேன் சார்."

"நானும் தலையாட்டினேன்." அவர் முகத்தில் கோபம் வந்து, அதன் பின்னால் சிரிப்பு வந்து, இரண்டும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் இரண்டுமே உள்ளே போய்விட, மிஞ்சியது வெறும் அருவருப்பு. கூட்ட அறைச் சுவரில் புழுவைப் பார்த்த மாதிரி இவரைப் பார்த்தார். "வாயால சொன்னா ஆகாது. எழுதிக் கொடு. என்ன நடந்துச்சு, யார் தப்பு, ஏன் நிபந்தனையை எடுக்கணும், எல்லாம். ஃபைல்ல இருக்கும். நாளைக்கு எவன் வேணா எடுத்துப் படிப்பான். அந்த நாப்பத்தொரு தெருவுக்கும் மறுபடி போகணும். இந்தத் தடவை அடி வரைக்கும். அந்தப் பொண்ணு இல்ல, நீ இறங்குறே."

"சரி சார்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். 'என் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தார். கவனம் குறைந்ததாலா? கேமராவை அத்தனை கவனித்ததால்தானே வந்த வினை. அடித்துவிட்டு, 'பிறர் சொல்லியும் நான் கேட்காததால்' என்று எழுதினார். எழுதி முடித்த காகிதத்தை இரண்டு விரலால் நுனியில் பிடித்து நீட்டினார். பெரிய இன்ஜினியரும் அப்படியேதான் வாங்கிக்கொண்டார்.

மாடிக்கு வந்தபோது மணி நாலே கால். அவள் கம்ப்யூட்டர் முன்னால் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் சீப்பு, டார்ச்சு பேட்டரி, பிள்ளைகள் வரைந்த ஒரு படம்.

"அப்ளிகேஷன் போடும்மா," என்றார். "நிபந்தனையை எடுத்தாச்சு. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"தெரியும் சார். பெரிய சார் ரூம்ல இருந்து கீழே போன் வந்துச்சு. எல்லாருக்கும் தெரியும்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறார். அந்த எதிர்பார்ப்பைக் கண்டுபிடித்ததும் அதன்மேலும் அருவருப்பு வந்தது.

"நீ சொன்னேல்ல," என்றார். "அன்னிக்கே."

"சொன்னேன்."

"மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

அவள் பையை மேஜைமேல் வைத்தாள். "ஏன் சார் சொல்லணும்? உங்களுக்குச் சாக்கடையைப் பார்த்தா எப்படி இருக்குமோ, எனக்கு உங்களைப் பார்த்தா அப்படி இருந்துச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த ரூமுக்கே வருவேன். வீட்டுல ரெண்டு இருக்கேன்னு வருவேன்."

கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது. பேனா நகர்ந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டார், கைக்கு ஏதாவது வேண்டியிருந்ததால். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அவள் 'பரவாயில்ல சார்' என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றுவானேன் என்று வாயை மூடிக்கொண்டார். அவருடைய வாய் சரியான நேரத்தில் மூடிக்கொண்ட சொற்பச் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அவள் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்து நிரப்பினாள். பத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எப்போதோ தேர்ந்து தனியாக வைத்திருக்கிறாள். மூன்றாவது பக்கத்தில் நின்றாள்.

"இதுல கட்டம் இருக்கு சார். 'சென்சார் அளவு'ன்னு. பழைய படிவம்தான் இருக்கு. என்ன எழுத?"

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தக் கட்டத்தின் மேல் கோணலாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'தேவையில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுத்தார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"தேதி போடல சார். தேதி இல்லாம அங்க வாங்க மாட்டாங்க."